லாபுத் தட்டுப்பாட்டியல்: மூலமும் உரையும்

பாயிரம்

எழுத்தையும் சொல்லையும் பொருளையும் வகுத்துவைத்த முன்னோர், பொருள் கிடைக்காமையை மட்டும் வகுக்காமல் போய்விட்டார்கள். அவர்கள் காலத்தில் விலைக் கட்டுப்பாடு இல்லாதது காரணமாக இருக்கலாம். அக்குறை நீக்க எழுந்தது இந்நூல். களம், நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் நடுவே கேடிஎம் கொமுட்டர் நின்று போகும் லாபு. ஏன் லாபு என்பார்க்கு விடை: அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அந்தச் செம்பனைக்கு நடுவே இருக்கும் கடையில் செம்பனை எண்ணெய்ப் பாக்கெட் இல்லை. இதைவிடத் தகுந்த ஆய்வுக்கூடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கட்டித்தர முடியாது.

மூலமும் உரையும் ஒருவரே செய்தமையால் உரையாசிரியர்களுக்குள் சண்டை வராது. வந்தாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

பொது இலக்கணம்

இல்லை எனப்படுவது இருவகைத் தாகும்
கடையில் இல்லையும் கையில் இல்லையும்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தட்டுப்பாட்டின் பொது இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

கடையில் இல்லை என்பது சரக்குக் குறை. கையில் இல்லை என்பது காசுக் குறை. அமைச்சர்கள் முதலாவதைப் பற்றி அறிக்கை விடுவார்கள். குடும்பங்கள் இரண்டாவதில் குடியிருக்கும். இவை இரண்டும் தனித்தனி என்று நினைப்பவர் ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கிடைத்தால். விலை 2 ரிங்கிட் 50 சென். 2016 நவம்பர் 1 முதல் போத்தல் எண்ணெய்க்கு மானியத்தை நிறுத்திய அரசு, இந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் விட்டுவைத்தது. அன்றோடு எண்ணெய் இரண்டு சாதியாகிவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் போத்தல் சாதி அலமாரியில் நிமிர்ந்து நிற்கும். பாக்கெட் இருந்த இடத்தில் விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருக்கும். எண்ணெய் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அரசு சொன்ன விலையும் சரக்கும் ஒரே நேரத்தில் ஒரே கடையில் சேராமை எதுவோ, அதுவே மலேசியத் தட்டுப்பாடு. இதைப் பிடித்துக்கொண்டால் நூலின் மிச்சம் எளிது.

வகை

வாராமை மறைத்தல் அளத்தல் ஆள்காண்டல்
எட்டாமை அட்டை இன்மையென் றாறே
தோட்டத் தார்தம் தட்டுப் பாடே.

ஏழு என்பாரும் உளர். ஏர்ஆசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து லாபுவில் மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்று கட்டுவதாகப் பேச்சு எழுந்து, 2009 ஜனவரி முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டதே, அந்தக் கிடைக்காமை எதில் அடங்கும் என்பர். விமான நிலையம் சமையலுக்கு ஆகாதாகலின் விடப்பட்டது என்க.

வாராமை

வாராமையாவது கப்பல் வாராமை. கடைக்காரர் மொழியில் ‘பெலும் சம்பை’, இன்னும் வந்து சேரவில்லை. தட்டுப்பாடுகளில் இதுவே மூத்தது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1918 தொடங்கி மூன்று ஆண்டு, மலாயா அரிசிக்குத் திண்டாடியது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. இந்திய அரசாங்கம் அரிசி ஏற்றுமதியை இறுக்கியதும் இங்கே உலையில் போட ஒன்றுமில்லை. ரப்பரைத் தவிர வேறெதையும் நட மனம் வராத துரைமார்களை உணவுப் பயிரும் போடுங்கள் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

நூறாண்டு தாண்டி, 2023 ஜூலை 20 அன்று, இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டு 25இல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1 அன்று பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்கு ஏற்றியது. 1996 முதல் நாட்டின் அரிசி இறக்குமதி முழுவதும் அந்த ஒரு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே பேரம் பேசப் பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்பதற்கு வழியில்லை. பக்கத்துக் கடைக்கும் அதே கிடங்குதான்.

முட்டை ஒரு தனி இன்பம். 2022 கடைசியில் முட்டை கிடைக்காமல் போனபோது, நாட்டில் முதல்முறையாக இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். எங்கிருந்து? நாமக்கல்லிலிருந்து. தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் விட்டு வந்து மூன்று தலைமுறை ஆனபின், அந்தப் பக்கத்து முட்டை குளிர்ப்பெட்டியில் ஏறி அதே கடலைக் கடந்து வந்தது. முட்டைக்கு நுழைவு அனுமதி சீக்கிரம் கிடைத்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

வாராமைக்கு மறுதலை போகவிடாமை. 2022 ஜூன் 1 முதல், மாதம் 36 லட்சம் கோழி வரையான ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. அதனால் சிங்கப்பூரில் கோழிச்சோறு கலங்கியது. அது அந்நாட்டு இலக்கணம். இங்கு விரிப்பிற் பெருகும்.

மறைத்தல்

இறக்குமதி அரிசி விலை ஏறினால் உள்ளூர் அரிசி ஏன் ஓடி ஒளிய வேண்டும்? உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசு நிர்ணயித்த விலை 10 கிலோவுக்கு 26 ரிங்கிட். பக்கத்தில் இறக்குமதி அரிசி அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. இரண்டும் வெள்ளை, இரண்டும் அரிசி, சாக்கு மட்டும் வேறு. சாக்கை மாற்றினால் லாபம் என்றால் சாக்கு மாறும் என்பதற்குப் பெரிய தர்க்க நூல் தேவையில்லை. அப்படித்தான் நடக்கிறது என்ற சந்தேகம் நாடெங்கும் எழுந்தது, அதிகாரிகள் ஆலைகளையும் கிடங்குகளையும் சோதித்தார்கள், உள்ளூர் அரிசி மாதக்கணக்கில் தலைகாட்டவில்லை.

எண்ணெயில் இது இன்னும் தெளிவு. மானியப் பாக்கெட்டுக்காக அரசு ஒதுக்குவது மாதம் 60,000 டன். அதாவது ஆறு கோடிப் பாக்கெட். நாட்டின் மக்கள்தொகை மூன்றரைக் கோடிக்குள். கைக்குழந்தை முதல் கோடீஸ்வரர் வரை ஆளுக்கு மாதம் ஒன்றே முக்கால் பாக்கெட் வருகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எட்டுக்குமேல். கோடீஸ்வரர் பாக்கெட் எண்ணெய் தொடமாட்டார் என்பதால் அவர் பங்கும் நமக்கே. கணக்குப்படி லாபுவில் எண்ணெயில் குளிக்க வேண்டும். குளிக்கவில்லை. எனவே பாக்கெட் எங்கோ போகிறது: சாப்பாட்டுக் கடைகளின் வாணலிக்கு, தாய்லாந்து எல்லைக்கு, போத்தலுக்குள். 2022 மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, அதாவது கிலோ 7 ரிங்கிட். சுத்திகரித்துப் பாக்கெட்டில் அடைத்தது 2.50. கச்சாவைவிடக் கடைப்பொருள் மலிவு என்ற நிலைமையில் மறைந்துபோகாமல் அலமாரியில் இருக்கும் பாக்கெட்டைத்தான் ஆராய வேண்டும்.

செம்பனைக் குலை ஒன்று சுமார் 20 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். ஆக ஒரு குலை நான்கு பாக்கெட். காலையில் குலை வெட்டப் போகிறவர் வெட்டித் தள்ளுவது டன் கணக்கில். மாலையில் அவர் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் கேள்வி, ‘தவுக்கே, எண்ணெ வந்துச்சா?’ நிலத்துக்கும் வாணலிக்கும் நடுவே ஆலை, சுத்திகரிப்பு, பாக்கெட் அடைப்பவர், மொத்த வியாபாரி, ஒதுக்கீட்டுத் தாள் எல்லாம் இருக்கின்றன. வாலில் நிற்பது தோட்டத்துக் கடை. வால் கடைசியில்தான் ஆடும்.

அரசாங்கங்கள் பதுக்கல்காரர் என்ற ஓர் ஆளைத் தேடுகின்றன. அவர் உண்டு, அவ்வப்போது பிடிபடுவதும் உண்டு. ஆனால் அந்த நாலரை வெள்ளி இடைவெளியை எந்தப் பதுக்கல்காரரும் உண்டாக்கவில்லை.

அளத்தல்

ஆளுக்கு இவ்வளவு எனல் அளத்தல். இது மெல்லினம், வல்லினம் என இருவகை.

மெல்லினத்துக்கு எடுத்துக்காட்டு 2023 அரிசி. ஒருவர் ஒரு தடவைக்கு 10 கிலோ மூட்டை பத்துக்குமேல் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ஒரே நேரத்தில் 260 ரிங்கிட்டுக்கு அரிசி வாங்கக்கூடியவர் லயத்தில் யார்? வரம்பு கட்டியவர் மனக்கண்ணில் இருந்த குடும்பம் வேறு. லாபுக் குடும்பத்துக்கு அந்த வரம்பு ஒரு பாராட்டு.

வல்லினம் சிரிப்புக்கு உரியதல்ல. 1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்பதே பிரிட்டிஷாரின் போர்முறை. பிரிக்ஸ் திட்டப்படி 1950 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தார்கள். தோட்டத் தொழிலாளரை லயங்களோடு திரட்டி முள்வேலி போட்டார்கள். அரிசி பங்கீட்டில் வந்தது. கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எடுத்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி. விடியும்முன் பால் மரம் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். பகல் சோறு கொண்டுபோகத் தடை. சில இடங்களில் வீட்டில் சமைக்காத அரிசியே இருக்கக்கூடாது. பொது அடுப்பில் ஆக்கிய சோறு மட்டும். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிமில் கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கி 12 பேரைக் கொன்றபோது, புதிதாக வந்திருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளில் 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார்.

அன்று அரிசி குறைந்தது திட்டப்படி. அலட்சியத்தாலோ ஊழலாலோ அல்ல, கோப்பில் கையெழுத்தாகிக் குறைந்தது. ஒரு குடும்பத்தின் அரிசிப்பானையைப் பார்த்து ‘இது யாருக்கு?’ என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது. பின்னால் வந்த எந்த அரசும் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டது.

ஜப்பான்காரன் காலத்தை இவ்விடத்தில் ஏன் சேர்க்கவில்லை எனின், அப்போது பல வகையும் ஒன்றாகக் கலந்து வந்தன. அரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு, துணிக்குச் சாக்கு, காசுக்கு வாழைமர நோட்டு, ஆளுக்குச் சயாம் ரயில். வகைப்படுத்துவதற்குப் பொருள்கள் தனித்தனியே நிற்க வேண்டும்.

ஆள்காண்டல்

ஆளைக் கண்டு கொடுத்தல். மேசைக்கு அடியில் மூன்று பாக்கெட் இருக்கும். முன்னால் நிற்பவர் முகத்தைப் பொறுத்து அது உண்டும் இல்லையும் ஆகும். இதைக் கையூட்டு என்று நகரத்துப் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லக்கூடும். லயத்தில் இதற்குப் பெயர் பழக்கம். ‘மூணு அஞ்சு புக்கு’ என்கிற சிறு நோட்டில் யார் பெயர் இருக்கிறதோ, மாதச் சம்பளத்தில் யார் தவறாமல் அடைக்கிறார்களோ, அவர்களுக்கே முதல் பாக்கெட். ‘அக்காவுக்கு எடுத்து வெச்சிருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்பது கடைக்காரர் தரும் நற்சான்றிதழ். அரசு அலுவலகத்தில் அத்தகைய சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை.

இதன் கெட்ட கிளை, எண்ணெய் வேண்டுமா, கூடவே அந்தப் பிஸ்கட் டின்னையும் எடு என்பது. சட்டப்படி கூடாது; புகார் செய்ய இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் புகார் செய்தவர் அடுத்த மாதம் எந்தக் கடையில் கடன் வாங்குவார்? 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2011ஆம் ஆண்டு கொள்ளை லாபத் தடுப்புச் சட்டமும் கடன் நோட்டைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்டவை.

பேரங்காடியில் ஆள்காண்டல் இல்லை. அங்கே முதலில் வந்தவருக்கே. முதலில் வருவதற்கு மோட்டார் சைக்கிள் வேண்டும், வேலைநாளில் காலை பத்து மணிக்கு ஓய்வு வேண்டும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்ட குடும்பத்தில் அந்த ஓய்வு ஆயாவுக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே பேரங்காடி வரிசைகளில் ஆயாமார்களே நின்றார்கள்.

எட்டாமை

பொருள் உண்டு, விலை எட்டாது. 2023இல் கட்டுப்பாட்டு விலைச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென். அது மறைந்த இடத்தில், கட்டுப்பாடில்லாத உயர்ரகச் சீனி வந்து உட்கார்ந்தது. தேநீரில் கரைந்தபின் இரண்டுக்கும் வேறுபாடு காண வல்லார் யாரும் லாபுவில் இலர். நவம்பர் முதல் ஆலைக்காரர்களுக்கு அரசே கிலோவுக்கு 1 ரிங்கிட் கொடுத்ததும் பழைய சீனி திரும்பி வந்தது. இவ்வகைக்கு இதுவே போதும். மற்றவை சம்பளச் சீட்டைப் பார்த்து உய்த்துணர்க.

இடைப்பிறவரல்: இதன் அரசியல் பயன்

தட்டுப்பாடு ஆட்சியைக் கவிழ்க்குமா என்னும் வினாவுக்குப் புலவர்கள் இரு கட்சி.

கவிழ்க்கும் என்பார் 1967 சென்னையைக் காட்டுவர். அரிசிக்கு அலைந்த ஊரில் ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்று அண்ணா சொன்னார், காங்கிரஸ் போயிற்று. பிறகு ஒரு படிதான் வந்தது, அதுவும் நகரங்களில்தான். 2022 கொழும்பையும் காட்டுவர். எரிவாயு, பால்மா, பெட்ரோல் எதுவும் இல்லாத வரிசைகள் நீண்டு நீண்டு ஜூலையில் அதிபர் மாளிகைக்குள் போய் முடிந்தன.

கவிழ்க்காது என்பார் லாபுவைக் காட்டுவர். இங்கே அப்படி வரிசை நீளாது; போத்தல் எண்ணெய் இருக்கிறதே. கடன் நோட்டிலும் இன்னொரு வரி எழுதிக்கொள்ளலாம். ஆயினும் 2008ஐ மறக்கக்கூடாது. அந்த ஜனவரியில் எண்ணெய் தட்டுப்பட்டு, ஆளுக்கு 5 கிலோ என்று அரசு அளந்தது. அதற்கு ஆறு வாரம் முன்னால், 2007 நவம்பர் 25 அன்று, இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் அழைப்பில் கோலாலம்பூர்த் தெருக்களில் தமிழர்கள் திரண்டு கண்ணீர்ப்புகை குடித்திருந்தார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. நெகிரி செம்பிலானில் 36 இடத்தில் 21ஐப் பிடித்து ஆட்சியைக் காத்துக்கொண்டது. எண்ணெயால்தான் தோற்றார்கள் என்பது அளவை நூலுக்கு ஒவ்வாது. ஆனால் கோவில் இடிந்ததற்கும் பள்ளிக்கூடம் மூடியதற்கும் கோபப்படாத வீட்டையும் எண்ணெய்க்கு அளவு போட்டது தொட்டது. பெண்களிடம் அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பின் இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளும் ஒரு பாடம் கற்றார்கள்: பாக்கெட் விலையில் கை வைக்காதே. போத்தலில் வை, பெட்ரோலில் வை, முட்டையில் வை. 2025 ஆகஸ்டு 1 முதல் முட்டை மானியமே போய்விட்டது. 2016இல் இருந்த 2.50 பாக்கெட்டில் அப்படியே இருக்கிறது. பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணிகள் மாறின, குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அந்த விலைச்சீட்டை மட்டும் எவரும் தொடவில்லை. தொடாத விலையில் பொருள் வந்து சேர வேண்டும் என்ற கடமையையும் எவரும் அதே அளவு தொடவில்லை. என் தீர்ப்பு: அந்த 2.50 இன்று விலையாக இல்லை, வாக்குறுதியாக அச்சடிக்கப்படுகிறது.

அட்டையின்மை

ஆறாவது வகை புதியது; இனி வளரப்போவதும் இதுவே. மானியத்தைப் பொருளுக்குக் கொடுத்தால் ஒழுகுகிறது, ஆளுக்குக் கொடுப்போம் என்று அரசு முடிவெடுத்தது. ஒழுகல் கணக்கை மேலே பார்த்தோம், ஆகவே முடிவைக் குறை சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டு 31 அன்று 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் மைகார்டு அடையாள அட்டையில் 100 ரிங்கிட் வந்தது. பதிவுபெற்ற கடையில் அட்டையைக் காட்டி அதற்குச் சாமான் வாங்கினார்கள். செப்டம்பர் கடைசியில் பெட்ரோலும் அவ்வாறே: குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்.

இங்கேதான் தோட்டத்துக்குரிய சிக்கல். சுதந்திரத்துக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்தும், பிறப்பைப் பதியாததால், பதிந்த தாள் தொலைந்ததால், படிக்கத் தெரியாததால், இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்கள் உண்டு. நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. 2018இல் அறுபது வயது தாண்டிய இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று மகாதீர் அரசு அறிவித்தது. அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். பாக்கெட் காலத்தில் கடைக்காரர் ஆயாவின் முகத்தைப் பார்த்து மேசைக்கு அடியில் கைவிட்டார். இயந்திரம் முகம் பார்ப்பதில்லை, சிப்பைப் பார்க்கிறது. பேரப்பிள்ளைகள் மூவருக்கு நூறு நூறாக வர, ஆயாவின் அட்டைக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொரு கூட்டமும் இங்கே உண்டு. லாபுப் பக்கத்து லயங்களில் இப்போது பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர் குடியிருக்கிறார்கள். குலை வெட்டுவதில் பெரும்பங்கு அவர்களுடையது, மானியம் அவர்களுக்கில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் கணக்கில் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கி வேலிக்கு மேலே நீட்டுவது சட்டப்படி எந்தப் பிரிவில் வரும் என்று இந்நூல் ஆராயவில்லை. வேலி என்றால் என்னவென்று அவள் பாட்டிக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் உரையாசிரியர் குறிப்பு.

புறனடை

இவ்வாறிலும் அடங்காதன வரினும், விலைச்சீட்டையும் அலமாரியையும் ஒருங்கு நோக்கி அறிந்து அடக்கிக்கொள்க. வெங்காயம், தேங்காய், பருப்பு முதலியன தீபாவளிக்குத் தீபாவளி தாமே வந்து தம் வகையைச் சொல்லும்.

இந்நூல் கற்றார் செய்யத்தக்கது ஒன்று. வீட்டில் சிவப்பு அட்டையோடு ஒரு முதியவர் இருந்தால், அடுத்த உதவித்தொகை அறிவிப்பு வரும்வரை காத்திராமல், ஒருநாள் விடுப்பு எடுத்து அவரைச் சிரம்பானில் உள்ள தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போங்கள். பழைய பள்ளிச் சான்று, தோட்டத்து வேலைப் பதிவு, கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். மனுவைக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.